தொடர்பு எண்

இருபது வருடமாக ஆரணியில் இளைஞர் குழுக்களோடு வேலை செய்கிறேன். என்ன வேலை என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. தெருப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து, கேள்வி கேட்கப் பழக்கி, மனு எழுதவைக்கிற வேலை. "மனு எழுதறதுக்குக் கூடவா சம்பளம்?" என்பார் என் பெரியப்பா. அவர் கேட்டதில் தப்பில்லை.

இதில் எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. கையெழுத்தை வரிசையாக வாங்க மாட்டேன். தாளில் ஒரு தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டு, அதைச் சுற்றிக் கையெழுத்திடச் சொல்வேன். வட்டத்தில் முதல் பெயர் கிடையாது. யாரையும் தனியாகப் பிடித்து மிரட்ட முடியாது. பயிற்சிகளில் இதைச் சொல்லும்போது கை தட்டுவார்கள்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு தெருவின் கால்வாயில் சாயப்பட்டறைத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். ஒருநாள் சிவப்பாக ஓடும், ஒருநாள் பச்சையாக. அடிபம்பிலும் நிறம் வந்ததும் குழு மனு எழுதியது. எழுதியவள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்த பெண். அவளுடைய அப்பா அதே பட்டறையில்தான் பட்டுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும். வட்டம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோரும் கையெழுத்துப் போட்டபிறகுதான், மனுவோடு இணைக்கக் கலெக்டர் ஆபீஸில் தந்த புதுப் படிவத்தின் கடைசிக் கட்டத்தைப் பார்த்தோம். தொடர்பு எண். ஒன்று எழுதத்தான் இடம் இருந்தது.

"உங்க நம்பர் போட்டுருங்கக்கா" என்றாள்.

"எல்லாத்துக்கும் நானே முன்னாடி நின்னுகினு இருந்தா, நீங்க எப்பதான் லீடர் ஆவறது? உன்னுது போடு."

கொஞ்ச நேரம் பேனாவையே பார்த்துவிட்டு எழுதினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் நாள் அவளுக்கு அழைப்பு வந்தது. அதிகாரி என்று நினைத்துத் தன் பெயரையும் அப்பா பெயரையும் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். அப்படித்தான் பேசவேண்டும் என்று நான்தான் பழக்கியிருந்தேன். பேசியவர் பட்டறை முதலாளி. எண் அவர் கைக்கு எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியாது. மறுநாள் அவளுடைய அப்பாவைப் பட்டறைக்குள் விடவில்லை.

முதலாளி வீட்டுக்குப் போனேன். நாற்காலி போட்டுக் காபி கொடுத்தார்.

"உங்க மேல எனக்குக் கோவமே இல்லீங்க மேடம். நீங்க உங்க வேலைய செய்றீங்க. எங்கிட்ட வேல செஞ்சிகினு, பொண்ண வுட்டு என் மேலயே எழுதிக் குடுத்தா, அவன எப்டிங்க வெச்சிகினு இருக்கறது?"

சட்டம் பற்றி ஏதோ சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். காபியைக் குடித்து முடித்தேன். கேட் வரை வந்து வழியனுப்பினார்.

இரண்டு மாதத்தில் சாயத் தண்ணீர் கால்வாயில் விழுவதை அடைத்து, தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் போட்டார்கள். 'உங்கள் மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று அவளுடைய போனுக்குச் செய்தி வந்தது. அதற்குள் அவள் கல்லூரியை நிறுத்திவிட்டு ஒரு ஜவுளிக் கடையில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா களம்பூரில் அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். ஐம்பது தாண்டியவர்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர்தான் என்னைத் தேற்றினார். "விடுங்கம்மா, அது ஒரு பேஜார் புடிச்ச வேல. கையில கலரு போவவே போவாது." அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "இப்ப நல்லா வருதுக்கா" என்றாள். குடித்தேன். தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை. அந்த வருட அறிக்கையில் அந்தக் கால்வாயை வெற்றி என்று எழுதினேன்.

போன மாதம் வெம்பாக்கம் பக்கம் ஒரு குழு மனு தயாரித்தது. வட்டம் போட்டார்கள். கடைசிக் கட்டம் வந்ததும், யாரும் கேட்பதற்கு முன்பே என் எண்ணை எழுதினேன். இப்போதெல்லாம் எல்லா மனுவிலும் என் எண்தான். லாரிக்காரர்கள் மேல், மில்காரர்கள் மேல், ஊராட்சி மேல். மிரட்டல் ஒன்றுகூட வந்ததில்லை. ஒரே ஒரு முறை ஒரு முதலாளி கூப்பிட்டார். வீட்டுக்குக் காபி சாப்பிட வரச் சொன்னார்.