மேல் வீட்டில் இரண்டு, கீழ் வீட்டில் ஒன்று

மேல் வீட்டுக்கு வந்த பார்சலை நான்தான் வாங்கி வைத்தேன். மேல் குவார்ட்டர்ஸ் பூட்டியிருந்தால் கீழே கொடுத்துவிட்டுப் போவது எங்கள் பிளாக்கில் வழக்கம். காலை ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அட்டைப்பெட்டி கைக்கு வந்ததுமே உள்ளே என்ன என்று தெரிந்துவிட்டது. பெட்டி பெரிது, எடை குறைவு. விரலால் சுண்டினால் நடுவில் காலியாக ஒலித்தது. எனக்கும் ஒருமுறை இப்படியொரு பெட்டி வந்திருக்கிறது. இது அதைவிட அரைச் சாண் நீளம்.

மேல் வீட்டுப் பெண்மணி இரண்டாவது யுகுலேலே வாங்கிவிட்டார்.

பெட்டியை அலமாரி ஓரமாகச் சாய்த்து வைத்தேன். அதற்கு மேலே சுவரில் என்னுடைய யுகுலேலே தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒருசேரப் பார்க்கப் பிடிக்காமல் பெட்டியை மேசைக்குக் கொண்டுவந்தேன். மேலே படிந்திருந்த தூசியைத் துடைத்தேன். இந்த ஊரில் காலையில் துடைத்த பொருள் மேல் மதியத்துக்குள் அனல் மின் நிலையத்துச் சாம்பல் படிந்துவிடும். எந்தப் பொருளையும் துடைத்துத்தான் வைப்பேன், அது அடுத்தவருடையதாக இருந்தாலும்.

தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். அன்று மேகமூட்டம், மதியச் சாப்பாடு, மேல் வீட்டுக்குப் பார்சல் என்று எழுதினேன். பார்சலில் என்ன என்று எழுதக் கை வரவில்லை.

யுகுலேலே பார்க்கச் சின்னக் கிதார் மாதிரி இருக்கும். நான்கு நைலான் தந்திகள். மடியில் வைத்தால் குழந்தையைவிடச் சின்னது. நான் அதை வாங்கியதற்குக் காரணம் என் மனைவி. அவள் நன்றாகப் பாடுவாள். எங்கும் போய்க் கற்றதில்லை. சேத்தியாத்தோப்புப் பக்கம் பிறந்து, வயல் வேலைக்குப் போன பெண்களோடு பாடிப் பழகிய குரல். காய் நறுக்கும்போது பாடுவாள், துணி மடிக்கும்போது பாடுவாள். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்பேன். அந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார எனக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. அதற்காகத்தான் வாங்கினேன்.

செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றேன். ஒரு கார்டு என்றால் சில விரல்களைச் சில தந்திகளில் ஒரே நேரத்தில் பதிக்க வேண்டும். பாட்டு நகர நகர அடுத்த கார்டுக்கு விரல்கள் ஒன்றாகத் தாவ வேண்டும். என் விரல்கள் ஒன்றாகத் தாவாது. ஒவ்வொன்றாக, கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொண்டுவர வேண்டும். ஆனாலும் சாயங்காலங்களில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள், பாடினாள். அது போதுமானதாக இருந்தது.

அந்த நாட்களில் ஒருநாள்தான் மேல் வீட்டுக்காரர் படியிறங்கி வந்தார். அவருடைய கணவருக்கு அனல் மின் நிலையத்தில் வேலை. இவர் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். மதுரைப் பக்கத்து ஆள், எங்களைவிடப் பத்து வயது இளையவர்.

"அண்ணே, சத்தம் மேல வரைக்கும் கேக்குது. நல்லா இருக்குண்ணே. இத நானும் கத்துக்கலாமா?"

எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கே வாங்குவது என்ற லிங்க்கை நானே அவருக்கு அனுப்பினேன். அதே தயாரிப்பு, அதே நிறம். வந்ததும் தந்திகளைச் சுருதி சேர்த்துக் கொடுத்தவனும் நான்தான்.

ஒரே மாதத்தில் அவர் என்னைத் தாண்டிவிட்டார். எப்படி என்று நான் கேட்கவில்லை. மேலே டியூஷன் முடிந்து பிள்ளைகள் இறங்கிப் போனதும் வாசிப்பு கேட்கும். கார்டுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு, இடையில் மூச்சு வாங்காமல் போகும். முதலில் என் மனைவி கீழேயிருந்து தலையை நிமிர்த்திக் கேட்டாள். பிறகு கறிவேப்பிலை கொடுப்பதற்காக மேலே போனாள். பிறகு எதையும் கொடுக்காமலே போனாள். நான் கூடத்தில் உட்கார்ந்து, மேலே அவள் பாடுவதைக் கேட்டேன்.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்கு ஆறுதல் இருந்தது. எங்கள் இருவரின் யுகுலேலேயிலும் முறுக்காணிகளுக்குப் பல்சக்கரம் கிடையாது. ஆணியைத் திருகினால் தந்தி ஏறும், திருகிய இடத்தில் ஆணி தானாக நிற்க வேண்டும். அவர் ஆணியைத் திருப்பும்போதெல்லாம் 'கிரீச்' என்று ஒரு சத்தம் ஜன்னல் வழியாகக் கீழே வரும். என்னுடையது வெண்ணெய் மாதிரித் திரும்பும். நான் சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்பில் இருப்பவன். மண்ணும் நிலக்கரியும் போகும் பெல்ட்டுக்கு அடியில் ஓடுகிற உருளைகளில் எது கிரீஸ் கேட்கிறது என்பதை நடந்துபோகும்போதே காதால் சொல்வேன். அந்தக் 'கிரீச்' கேட்கும்போதெல்லாம், வாசிக்கத் தெரிகிறது, வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

அன்று சாயங்காலம் பார்சலை எடுக்க வந்தவர், எங்கள் கூடத்திலேயே பிரித்தார். புதியது கரும்பழுப்பு மரம். உடம்பு பெரிது, கழுத்து நீளம். முறுக்காணிகளுக்கு வெள்ளி நிறத்தில் பல்சக்கரங்கள்.

"ஆத்தி! எம்புட்டு அழகு பாருங்கக்கா" என்று என் மனைவியின் கையில் கொடுத்தார்.

"கன்னுக்குட்டி மாதிரி பெருசாக்கீது" என்றாள் அவள். "இதுக்கும் அதுக்கும் இன்னா வித்தியாசம்?"

"இது கொஞ்சம் கீழ் குரலா பேசும்க்கா. உங்க குரலுக்கு இதான் சேரும்."

சுருதி சேர்த்து ஒருமுறை மீட்டினார். கூடம் நிறைந்தது. யாரும் கேட்காமலேயே என் மனைவி ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தாள். நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். தாகம் ஒன்றும் இல்லை. திரும்பி வருவதற்குள் பேச்சு பொங்கலுக்குப் போயிருந்தது.

"பிளாக் பொங்கல் விழாவுல இதுலயே வாசிச்சிருவோம்க்கா. நீங்க பாடுங்க."

"சரி" என்று சொல்லிவிட்டுத்தான் என் மனைவி என்னைப் பார்த்தாள்.

பிளாக்கில் ஒவ்வொரு பொங்கலுக்கும் பந்தல் போட்டு, கோலப்போட்டியும் சாக்கு ஓட்டமும் பாட்டும் நடக்கும். இந்த வருடம் அவள் பாட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்பதுதான் நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த எண்ணம். சொல்லாமல் வைத்திருந்ததை அவர் எடுத்துக்கொண்டார் என்று புகார் செய்யவும் முடியாது.

அன்றிலிருந்து எனக்கு இரண்டாவது யுகுலேலே தேவைப்பட்டது. ஷிஃப்ட் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் செல்போனில் ஷாப்பிங் ஆப்பைத் திறந்து பார்த்தேன். பெரிய உடம்பு, கரும்பழுப்பு மரம், பல்சக்கர முறுக்காணி. அவர் வாங்கியதைவிட ஒரு படி மேலான ஒன்றைக் கண்டுபிடித்துக் கூடையில் போட்டேன். பிறகு அதைவிட மேலான ஒன்றைப் போட்டு முந்தையதை எடுத்தேன். எங்கள் பிரிவில் பழைய பாகம் தேறாது என்று காட்டினால்தான் புதிய பாகம் கேட்க முடியும். அந்தப் பழக்கம் எனக்குள் ஊறியிருந்ததால், வாங்குகிற பட்டனை அழுத்துவதற்கு முன் என் பழைய யுகுலேலே தேறாது என்று வீட்டில் நிரூபிக்க வேண்டியிருந்தது.

நிரூபணம் கைவசம் இருந்தது. சில வாரங்களாக அது சுருதியில் நிற்கவில்லை. சேர்த்து வைத்தால் ஒரு பாட்டு முடிவதற்குள் இறங்கிவிடும்.

"இங்க பாரு, மட்டமான சரக்கு. முறுக்காணி நிக்கவே மாட்டேங்குது. பல்சக்கரம் வெச்சதா ஒண்ணு வாங்கணும்" என்றேன்.

என் மனைவி அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். "மேல் வூட்டுலயும் இதே சரக்குதானே? அது நின்னுகினுதானே இருக்குது?"

"அவங்களோடது எப்படியோ நல்லதா அமைஞ்சிடுச்சு."

"நீங்கதானே அதே லிங்க அனுப்புனீங்க?"

கீழே விழுந்திருந்த நாரைப் பொறுக்கித் தட்டில் போட்டேன்.

"வாங்கறதுனா வாங்குங்க. நான் வேணாங்கல. அதுக்கு முன்ன அந்தப் பொண்ணுகிட்ட ஒருதபா காமிச்சிட்டு வாங்குங்க" என்றாள்.

அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவதா? இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். பிறகு, அவர் வாயாலேயே தேறாது என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம் என்று தோன்றியது. துடைத்து, உறையில் போட்டு, மேலே எடுத்துப்போனேன். என் மனைவியும் கூடவே வந்தாள்.

அவர் ஒரு தந்தியைச் சேர்த்தார். மீட்டிக்கொண்டிருக்கும்போதே முறுக்காணி மெல்லப் பின்னால் சுழன்று தந்தி தளர்ந்தது. எனக்கு உள்ளூரத் திருப்தி. ஆணியின் தலையில் இருந்த சின்னத் திருகைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் இறுக்கினார். அப்போதும் நழுவியது. அந்தத் திருகு எதற்கு என்று நான் யோசித்ததே இல்லை. அவர் அதை முழுவதும் கழற்றி ஆணியை வெளியே இழுத்தார். விரல்களைப் பார்த்தார். கறுப்பாக இருந்தன.

"என்னண்ணே இது, மை மாதிரி?"

"கிரீஸ்" என்றேன். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வைப்பேன். தீக்குச்சியில தொட்டு, மெல்லிசா. உபரியத் துணியால துடைச்சிடுவேன்."

சொல்லும்போது எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. பாராட்டுவார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

அவர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. "அண்ணே, ஸ்கூட்டர் பிரேக்குக்கும் ஞாயித்துக்கிழமை கிரீஸ் வைப்பீங்களா?"

என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அதான் நாங்க வண்டில போனா எந்த வூட்டு வாசல்லயும் நிக்கறதில்ல!"

எனக்கு விளங்குவதற்கு அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. கன்வேயரின் பிரேக் டிரம்மில் ஒரு பொட்டுக் கிரீஸ் தெறித்தால்கூட, துடைத்துச் சுத்தம் செய்யும்வரை பெல்ட்டை ஓட்ட விடாதவன் நான். சுழல வேண்டியதற்குத்தான் கிரீஸ். பிடித்து நிற்க வேண்டியதற்கு உரசல் வேண்டும். இந்த ஆணி பிடித்து நிற்க வேண்டியது. நான் அதை உருளையாக நினைத்துவிட்டேன். மேல் வீட்டு ஜன்னலிலிருந்து வந்த அந்தக் 'கிரீச்', ஆணி பிடிக்கிற சத்தம்.

"விடுங்கண்ணே, சரியாயிரும்" என்று டியூஷன் டப்பாவிலிருந்து ஒரு சாக்பீஸ் எடுத்துக் கொடுத்தார். "நல்லா துடைச்சிட்டு இதத் தேச்சு மாட்டுங்க."

அதை வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. என்னைத் தாண்டிப் போனவர் கையாலேயே என் பொருள் பழுது நீங்குவதைவிட, அது உண்மையிலேயே தேறாமல் போயிருக்கலாம் என்று படியிறங்கும்போது நினைத்தேன்.

நான்கு முறுக்காணிகளையும் கழற்றினேன். முதலுதவிப் பெட்டியிலிருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். துளைகளைத் துணித் திரியால் சுத்தம் செய்தேன். சாக்பீஸ் தேய்த்து மாட்டி, திருகை இறுக்கினேன். திருப்பியபோது என் வீட்டிலும் 'கிரீச்' என்றது. சேர்த்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தபோது சுருதி அப்படியே நின்றது. கூடையில் இருக்கும் பெரிய யுகுலேலேயை வாங்க இனி எந்தக் காரணமும் இல்லை. எனக்கு அது சந்தோஷமாக இல்லை.

மறுநாள் சாயங்காலம் என் மனைவி மேலே கிளம்பியபோது, "இப்ப சுருதி நிக்குது" என்றேன்.

செருப்பை மாட்டாமல் திரும்பி வந்து உட்கார்ந்தாள். "விழாவுல அந்தப் பொண்ணே வாசிக்கட்டும். வார்த்தை குடுத்துட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். பிறகு, "உம், ஆரம்பிங்க" என்றாள்.

பழைய பாட்டு ஒன்று பாடினாள். சுருதி இறங்கவில்லை. அதனால் என் தவறுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டன. இத்தனை நாளும் பழி ஆணியின் மேல் இருந்தது. இரண்டாவது வரியில் கார்டு மாறும் இடம் வந்தது. மேல் வீட்டுக்காரர் அந்த இடத்தைக் கவனிக்காமலே கடந்துபோவார். நான் குனிந்து விரல்களைத் தேடினேன். ஒன்று பதிந்தது, இன்னொன்று பக்கத்துத் தந்தியில் விழுந்தது.

அவள் பாட்டை நிறுத்தவில்லை. பிடித்திருந்த எழுத்தை விடாமல் நீட்டினாள். மூச்சு தீரும்போல இருந்தபோது அதிலேயே ஒரு சின்ன வளைவு போட்டு இன்னும் நீட்டினாள். என் கடைசி விரலும் இடத்துக்கு வந்து, தந்திகளை மீட்டியதும், ஒன்றுமே நடக்காததுபோல் அடுத்த சொல்லுக்குப் போனாள்.

அந்தப் பாட்டை அவள் மேலே பாடிப் பல நாள் கேட்டிருக்கிறேன். அந்த எழுத்தில் அவள் இப்படி நின்றதே இல்லை. அங்கே யாருக்காகவும் காத்திருக்கத் தேவை இருக்கவில்லை.

பாதிப் பாட்டில் மேலே பெரிய யுகுலேலே ஒலிக்கத் தொடங்கியது. கனத்த, நிறைந்த ஒலி. நன்றாகத்தான் இருந்தது. என் மனைவியின் கண்கள் ஒரு கணம் கூரைக்குப் போய்வந்தன. நான் அதைப் பார்த்தேன்.

"இன்னாங்க, நின்னுட்டீங்க? அடுத்த வரி" என்றாள்.

அடுத்த வரியிலும் கார்டு மாறும் இடம் ஒன்று இருந்தது. அதற்கு முன்பே என் விரல்கள் தயாராக இருந்திருக்கும், முயன்றிருந்தால். அவள் அங்கேயும் நிற்பாள் என்று தெரியும். கொஞ்சம் தாமதமாகவே போனேன்.