எலாடியோவின் புகை மணக்கும் போத்தல்

செவ்வாய்க்கிழமை காலை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தலைமைச் சமையற்காரர் வந்து, "எலாடியோ செத்துப்போனான். மாரடைப்பு" என்றார். நான் கத்தியைக் கீழே வைப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது: "அவன்ரை அந்தப் போத்தல் எங்கை?"

துக்கம் விசாரிக்க இந்தச் சுவிஸ் ஊரான இன்டர்லாக்கனில் இப்படியும் ஒரு முறை இருக்கிறது.

எலாடியோ மெக்சிக்கோ மலைக் கிராமத்தவர். எண்பத்தைந்தில் நான் அகதி விண்ணப்பத்தோடு இந்த ஹோட்டலுக்கு வந்தபோது, கோப்பை கழுவும் தொட்டியின் மறுபக்கம் நின்றவர் அவர்தான். உடைந்த ஜெர்மனில் கதைப்போம். அதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

முதன்முதலாக அவர் மெஸ்கல் என்ற தன் ஊர்ச் சாராயப் போத்தலைத் திறந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டேன். "என்ன இது, கருகின கசிப்பு மாதிரிக் கிடக்கு!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "குழியிலை கல்லைச் சூடாக்கி, ஆனைக்கற்றாழையின்ரை நடுத்தண்டை அதிலை வைச்சு மண்ணாலை மூடி, நாலு நாள் வேகவைப்பம். புகை இல்லாட்டி அது மெஸ்கலே இல்லை."

அந்தக் கற்றாழையை யாரும் நடுவதில்லையாம். மலையில் தானாக முளைத்து, பன்னிரண்டு பதினைந்து வருடம் நின்று, பூக்க வெளிக்கிடும் நேரத்தில் வெட்டுப்பட்டுச் சாகும். "அதை ஒரே மடக்கிலை விழுங்கிறவன் மனிசனோ?" என்பார். முதல் துளிகள் நிலத்துக்கு, செத்தவர்களுக்கு. "நான் செத்தா நீதான் ஊத்தவேணும். ஊத்துவியோ?" என்று ஒருநாள் கேட்டு, தாய் வீட்டில் வடித்த கடைசிப் போத்தலை என் அலுமாரியில் வைத்தார். "ஓம்" என்றேன். சும்மா சொன்னதுதான்.

தலைமைச் சமையற்காரர் ஒருமுறை அதைத் தூக்கிப் பார்த்து, "புழு எங்கை?" என்று கேட்டிருந்தார். கடையில் விற்கும் சில மெஸ்கல் போத்தல்களில் வேடிக்கைக்கு ஒரு புழு கிடக்கும்; அவர் படிப்பு அவ்வளவுதான். இப்போது ஞாயிறு மதியம் 'மெக்சிக்கோ விருந்து' வைக்க அது வேண்டுமாம். "தராட்டி திங்களிலையிருந்து வேலைக்கு வரவேண்டாம்."

விண்ணப்பத்துக்குப் பதில் வராதவன் நான். வேலை போனால் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். "ஓம், கொண்டு வாறன்" என்றேன்.

செவ்வாய் உரித்த உருளைக்கிழங்குத் தோலை அடுப்பில் கருகவிட்டு, கடையில் வாங்கிய மலிவான ஷ்னாப்ஸ் சாராயத்தில் ஊறப்போட்டு, கோப்பி வடியில் வடித்து, எலாடியோவின் பழைய வெறும் போத்தலில் நிரப்பிக் கொடுத்தேன். புழுவைத் தலைமைச் சமையற்காரரே அப்பிளுக்குள்ளிருந்து தோண்டிப் போட்டார்.

ஞாயிறு, கழுத்துப்பட்டி கட்டிய கனவான்கள் உப்பை நக்கி, எலுமிச்சையைக் கடித்து, ஒரே மடக்கில் விழுங்கினார்கள். ஒருவர் கண்ணை மூடி, "ஆகா, அந்த மலையே மணக்குது!" என்றார். தலைமைச் சமையற்காரர் கண்ணைத் துடைத்து, "என்ரை நண்பன்ரை ஊர் மண்" என்றார். உயிரோடு இருந்தவரை அந்த நண்பனை அவர் கூப்பிட்டது "ஏய், தொட்டி!" கண்டறியாத மண். சீ!

திங்கட்கிழமை அடக்கம். தலைமைச் சமையற்காரருக்குத் தடிமனாம், மூக்கு ஒழுகுதாம், வரவில்லை. பாதிரியாரும் போனபின் குழி வெட்டியவரும் நானும்தான் நின்றோம். உண்மையான போத்தலை மேற்சட்டைக்குள்ளிருந்து எடுத்து முதல் துளிகளை ஊற்றினேன். பனியில் சின்னச் சின்ன ஓட்டைகள் விழுந்தன. குடித்துப் பழகாத நான் ஒரு சொட்டை நாக்கில் வைத்துக்கொண்டு அழுதேன்.

குழி வெட்டியவருக்கும் கொஞ்சம் கொடுத்தேன். மணந்து பார்த்து முகம் சுளித்தார். "கருகின மாதிரிக் கிடக்கே?"

"ஓம், அப்பிடித்தான் இருக்கும்" என்றேன். "மெல்லக் குடியுங்கோ."

அவர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு மெல்லத்தான் குடித்தார். எலாடியோ, சும்மா சொன்ன அந்த 'ஓம்' நிறைவேறிவிட்டது. போய் வாருங்கள்.