சின்னப்பன் பஸ்ஸுக்குப் போட்ட சிலுவை

எண்பத்து மூன்றாம் வருஷம் அது. கடத்தூருக்குப் போகிற சாலையில் செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணிக்கு ஒரு சைக்கிள் போகும். ஓட்டுகிறவன் சின்னப்பன். பின்னால் கேரியரில் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்திருப்பவள் அவன் மனைவி ராஜமேரி. அவளுக்கு நெஞ்சில் காசநோய். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு ஊசிகூட விட்டுப்போகக் கூடாது, விட்டால் நோய் திரும்பிவிடும், அப்புறம் பிழைப்பது கடினம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பஸ்ஸில் போகக் கூடாதா என்றால், போய்ப் பார்த்தார்கள். ராஜமேரிக்கு இருமல் வந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்து போனார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு அவள் பஸ் ஏறவே மாட்டேன் என்றுவிட்டாள்.

ஆனால் பஸ் அவர்களை விடவில்லை. அதே நேரத்துக்கு அரூரிலிருந்து வரும் தனியார் பஸ் ஒன்று, ஏரிக்கரை மேல் போகும் ஒடுக்கமான சாலையில் இவர்களைப் பின்னாலிருந்து நெருக்கிக்கொண்டு வரும். காது கிழிய ஆரன் அடிக்கும். அந்தச் சாலையில் தார் முடிகிற ஓரத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டு. பின்னால் ஆளை வைத்துக்கொண்டு அதில் இறங்கினால் சைக்கிள் சாய்ந்துவிடும். ஐப்பசியில் ஒரு நாள் அப்படித்தான் சாய்ந்தது. ராஜமேரி உருண்டு போய்க் கரைச் சரிவில் விழுந்தாள். முழங்கை கிழிந்தது. பஸ் நிற்காமலே போய்விட்டது.

இதைக் கேட்டு ஓடி வந்தவன் யாகப்பன். ராஜமேரிக்கு அண்ணன், கொத்தனார் வேலை. நல்ல மனுஷன், வாய்தான் பொல்லாதது. அன்றிலிருந்து தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு இவர்களுக்குப் பின்னாலேயே காவலாக வரத் தொடங்கினான்.

அப்படி வந்தபோதுதான் சின்னப்பன் சைக்கிள் ஓட்டும் விதத்தை யாகப்பன் சரியாகக் கவனித்தான். வெட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு போகமாட்டான். ஒரு முழம் உள்ளே தள்ளி, கோடு போட்டது போல நேராகப் போவான். ஓரத்தில் போனால் இடம் இருக்கிறது என்று நினைத்துப் பஸ்காரன் உரசிக்கொண்டு நுழைவான் என்பது அவன் கணக்கு. ஆரன் சத்தம் கேட்டால் பதறித் திரும்பமாட்டான். இடது கையை நீட்டி, இதோ ஒதுங்கப் போகிறேன் என்று காட்டுவான். கொஞ்சம் அகலமான இடம் வந்ததும் தானே இறங்கி, ராஜமேரியையும் இறக்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். முடிந்த மட்டும் அப்படி. முடியாத நாளில் பஸ் உரசிக்கொண்டு போகும், இவர்கள் தடுமாறி நிற்பார்கள்.

பஸ் கடந்து போனதும் சின்னப்பன் ஒரு காரியம் செய்வான். வலது கைக் கட்டைவிரலை உயர்த்தி, போகிற பஸ்ஸைப் பார்த்துக் காற்றில் சின்னதாக ஒரு சிலுவை வரைவான். உதடு என்னவோ முணுமுணுக்கும். அப்புறம் ஏறி மிதிப்பான். தங்களைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்கிறான் என்றுதான் யாகப்பன் நினைத்தான்.

"செபம் பண்ணா ஆச்சா மாப்ளே? ஒரு கல்ல எடுத்து அவன் கண்ணாடியில வுடு. மறுநாளே மருவாதியா ஓட்டுவான்" என்பான்.

"வுடுங்க மச்சான். ஊசிக்கு நேரமாவுது."

இப்படி ஒரு மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். காக்கிச் சட்டை. கையில் தாம்பாளம், அதில் தேங்காய், வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம், சூடம். முகத்தில் ரத்தமே இல்லை. பார்த்தவுடனே யாகப்பனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த பஸ்ஸின் டிரைவர்.

"எவ்வளவு தைரியம் உனக்கு..." என்று யாகப்பன் எழுந்தான். அதற்குள் அந்த ஆள் தாம்பாளத்தைச் சின்னப்பன் காலடியில் வைத்துவிட்டான்.

"அண்ணா, எம்பேரு மாதேஸ்வரன். நான் பண்ணது தப்புதான். எம்மேல வச்சத எடுத்துடுங்க."

"எத எடுக்கணும்?"

"ஒவ்வொரு தடவயும் கண்ணாடியில பாக்கறனே! நான் தாண்டினதும் வெரல தூக்கி என்னமோ எழுதுறீங்க, மந்திரம் சொல்றீங்க. ஒம்பது நாளா எம் பொண்ணுக்குக் காய்ச்சல் எறங்கல. குறி சொல்றவருகிட்டப் போனேன். ரோட்டுல ஒருத்தன் கை உம்மேல எழும்பியிருக்குது, அவன்தான் எறக்கணும்னு சொல்லிட்டாரு."

யாகப்பனுக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு பெரிய யோசனையும் வந்தது. சின்னப்பன் பக்கம் சாய்ந்து காதில் சொன்னான்.

"ஆமான்னு சொல்லிடு மாப்ளே. எடுத்துடறேன், இனிமே பக்கத்துல வந்தா மறுபடியும் வப்பேன்னு ஒரு வார்த்த சொல்லு. இந்த ரோட்டுல எவனும் உங்கிட்ட வரமாட்டான். பாக்கி ஊசியெல்லாம் நிம்மதியா போட்டுக்கலாம்."

உண்மைதான். பொய்கூடச் சொல்ல வேண்டாம், பேசாமல் தலையை ஆட்டினாலே போதும். இன்னும் பதினொரு ஊசி பாக்கி. பதினொரு தடவை அந்தக் கரையைத் தாண்ட வேண்டும். சின்னப்பன் மனைவியைப் பார்த்தான்.

அவன் குனிந்து தாம்பாளத்தை எடுத்து மாதேஸ்வரன் கையிலேயே கொடுத்தான்.

"டிரைவரண்ணா, நான் ஒண்ணும் வக்கல. எங்க வூட்டுல கொழந்தைங்க வெளிய போறப்ப நெத்தியில சிலுவ போட்டு அனுப்புவோம். உங்க நெத்தி எட்டல, அதான் தூரத்துலருந்து போட்டேன். சாமி, இந்த டிரைவரயும் உள்ள இருக்கற சனத்தயும் பத்திரமா வூடு சேத்துடு, இவரு புள்ளைங்க இவரத் தேடும்னு சொல்லுவேன். அவ்வளவுதான்."

ஒரு மாதமாகப் பின்னாலேயே வந்த யாகப்பன், அந்த உதடு முணுமுணுத்தது என்னவென்று அப்போதுதான் அறிந்தான். தன் மனைவியைச் சரிவில் தள்ளியவனுக்காகவா சின்னப்பன் செபித்தான்?

மாதேஸ்வரன் நம்பவில்லை. "நெசமாவா? எம்மேல கோவமே இல்லையா?"

"ஏன் இல்ல? இவ வுழுந்த அன்னிக்கு நானும் கல்லு எடுத்தேன். பின் சீட்டுல ஒரு பொம்பள கைக்கொழந்தயோட உக்காந்து என்னையே பாத்தாங்க. கீழ போட்டுட்டேன்."

மாதேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான். "ரெண்டு நிமிசம் லேட்டானா பின்னால வர்ற வண்டிக்காரன் சனத்தயெல்லாம் ஏத்திக்கிறான். மொதலாளி என்னத் திட்டறாரு. அந்த அவசரத்துல..."

"புரியுது. நானும் வேணும்னு வழி மறிக்கல. இவளுக்கு ஒடம்பு சரியில்ல, ஊசி போட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன், அந்த வெட்டுல எறங்கினா தாங்கமாட்டா. அகலமான எடம் வந்ததும் நானே எறங்கிடறேன், அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்குங்க. அப்புறம் ஒண்ணு. காய்ச்சல் ஒம்பது நாள்னா இங்க நிக்காதீங்க. பொண்ண ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போங்க."

ராஜமேரி தன் டம்ளரைத் தனியாக வைத்துவிட்டு, கழுவிய வேறு டம்ளரில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். இதிலும் ஏதாவது மந்திரம் இருக்குமோ என்று மாதேஸ்வரன் அதை வாங்கத் தயங்கினான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மடக் மடக்கென்று குடித்துவிட்டுப் போனான்.

அவன் தெருவைத் தாண்டியதும் யாகப்பன் தலையில் அடித்துக்கொண்டான். "கெட்டுதே காரியம்! பயந்துக்கிட்டாவது ஒழுங்கா ஓட்டியிருப்பானே. இப்ப உங்கிட்ட மந்திரமும் இல்ல தந்திரமும் இல்லன்னு தெரிஞ்சு போச்சு. செவ்வாக்கிழம மறுபடியும் தள்ளப் போறான்."

"பயந்துக்கிட்டு ஓட்டினா கை நடுங்கும் அண்ணா" என்றாள் ராஜமேரி. "அது நமக்கு நல்லதா?"

சின்னப்பனுக்கும் பயம் இல்லாமல் இல்லை. திங்கட்கிழமை முழுவதும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று ராஜமேரி பிறகு சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை வந்தது. ஏரி நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. இரண்டு சைக்கிளும் கரை மேல் ஏறின. பாதிக் கரை போயிருப்பார்கள், பின்னால் பஸ்ஸின் இரைச்சல். ஆரன் வரும், இதோ வரும் என்று யாகப்பன் காதைத் தீட்டிக்கொண்டு மிதித்தான்.

ஆரன் வரவில்லை. இரைச்சல் மட்டும் தணிந்து தணிந்து மாடு மூச்சு விடுவது போல ஆயிற்று. யாகப்பன் மெல்லத் திரும்பிப் பார்த்தான். பத்துப் பதினைந்து கஜம் தள்ளி, அவ்வளவு பெரிய பஸ், கூரை மேல் கூடையும் மூட்டையுமாக, ஒரு சைக்கிளின் வேகத்துக்கு ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"ஏன்யா டிரைவரு, மாப்பிள்ள அழைப்பா? மேளத்தக் காணோம்?" என்று ஒரு குரல்.

"பொண்ணு பின்னால உக்காந்திருக்குது, பாக்கலயா?" என்று இன்னொரு குரல். பஸ் முழுக்கச் சிரிப்பு.

"நோயாளிய கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. கம்முனு உக்காருங்க" என்று மாதேஸ்வரன் உறுமினான். சிரிப்பு நின்றது.

கல்லால் உடைத்திருந்தாலும், பயமுறுத்தியிருந்தாலும் இந்த வண்டி இப்படி வந்திருக்குமா? சர்வேசுரன் ஒரு ஏழையின் கட்டைவிரலில் இவ்வளவு பலத்தை வைத்திருக்கிறாரே என்று யாகப்பன் பிரமித்துப் போனான்.

கரை முடிந்து மதகுப் பக்கம் சாலை அகன்றது. சொன்னபடியே சின்னப்பன் கையை நீட்டிக் காட்டி, ஒதுங்கி, மனைவியை இறக்கி நின்றான். பஸ் பக்கத்தில் வந்து தயங்கியது.

"பாப்பா எப்பிடி இருக்குது?" என்று சின்னப்பன் கேட்டான்.

"சேத்திருக்கோம் அண்ணா. கொடல் காய்ச்சலாம். நேத்து கொஞ்சம் கஞ்சி குடிச்சுது. நேரமாவுது, வரட்டுமா?"

பஸ் போய்விட்டது. புழுதி அடங்கியும் யாகப்பன் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி அப்படியே நின்றான். ராஜமேரி கேரியரில் ஏறி உட்கார்ந்து சேலையைச் செருகிக்கொண்டாள்.

"அண்ணா, என்ன நின்னுட்ட? ஊசி போடற அம்மா பத்து மணிக்கெல்லாம் எழுந்து போயிடும். வா."