குழி தோண்டாத பந்தல்

பந்தல் போடுகிறவனுக்குச் சாவுச் செய்தி ஆர்டராகத்தான் வரும். போன ஐப்பசியில், அடைமழைக்கு நடுவே ஒரு காலையில், பூக்கடை செல்வி போன் செய்தாள்.

"அண்ணே, எங்க தெருவுல ஒரு பந்தல் போடணும். உக்கார நாற்காலியும் வேணும்."

"யாருக்கும்மா?"

"நம்ம ரோட்டு மேடத்துக்குண்ணே. விடியக்காலம் நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுருச்சு."

ஆர்டர் என்றால் அளவு கேட்பேன், ஆள் கணக்கு கேட்பேன். அன்றைக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

ரோட்டு மேடம் என்கிற எஸ்தர் மேடத்தை உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் மாநகராட்சியில் சாலைப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். சொந்த ஊர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். புரட்டாசி பிறந்தால் போதும், தார் வாளியும் ஆட்களுமாகத் தெருத்தெருவாகக் கிளம்பிவிடுவார். ரோட்டில் முடி கனத்துக்கு விட்டிருக்கும் விரிசலைக்கூட ஐப்பசி மழைக்கு முன் அடைத்தாக வேண்டும் அவருக்கு. நல்லா இருக்குற ரோட்டுக்கு எதுக்குங்க தாரு என்று கேட்காத ஆள் கிடையாது. "பல்லு விழுந்தப்புறம் தேய்ச்சு என்னங்க பண்றது?" என்பார்.

எனக்கும் அவருக்கும் முதல் பேச்சே சண்டைதான். ஆடித் திருவிழாவுக்கு மாரியம்மன் கோயில் வாசலில் பந்தல். என் ஆட்கள் கடப்பாரையால் ரோட்டைக் குத்திக்கொண்டிருந்தார்கள். மேடம் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கினார்.

"இப்பத்தானே இந்தத் தெருவைச் சரிபண்ணோம். ஓட்டை போடுறீங்களே?"

"பந்தக்கால் அந்தரத்துல நிக்குமா மேடம்?"

"வேலை முடிஞ்சதும் குழியை என்ன பண்ணுவீங்க?"

"மண்ணைப் போட்டு மிதிச்சுட்டுப் போவோம்."

"மண்ணு தண்ணியை உள்ள விடும். தண்ணி போச்சுன்னா ரோடு அடியிலேருந்து கரைஞ்சுரும். ஒரு மழைக்காலம் போதும்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. இது சாமி காரியம் என்றேன். அவர் கிறிஸ்தவர், அதற்குமேல் பேசமாட்டார் என்று நினைத்தேன். "முகூர்த்தக்காலை ஓரத்து மண்ணுல நடுங்க. பாலை ஊத்தி, மஞ்சத்துணி கட்டி, முறைப்படி செய்ங்க. மத்த காலுக்கு நான் வழி பண்றேன்" என்றார். மறுநாளே, பாதியாக வெட்டிய பழைய தார் டிரம்கள் வந்து இறங்கின. உள்ளே கான்கிரீட், நடுவே மூங்கிலைச் செருக ஒரு குழாய்.

அந்த டிரம் ஒருமுறை என் பெயரைக் கெடுக்கப் பார்த்தது. வைகாசியில் ஒரு காதுகுத்து. திடீரென்று அடித்த காற்றில் டிரம் நகர்ந்து பந்தல் சாய்ந்துவிட்டது. நல்லவேளை, பந்திக்கு யாரும் உட்காரவில்லை. நேரே அலுவலகத்துக்குப் போய்க் கத்தினேன். "உங்க ரோடு நல்லா இருக்கறதுக்கு எங்க ஜனம் சாவணுமா?" அவர் உடனே என்னோடு கிளம்பி வந்தார். சாய்ந்த பந்தலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எனக்கு ரோடு தெரியும். காத்து உங்களுக்குத்தான் தெரியும். எப்படிக் கட்டினா நிக்கும், சொல்லுங்க" என்றார். டிரம்களை அடியில் குறுக்கு மூங்கிலால் பிணைக்கலாம் என்றேன். பிணைத்தோம். அப்புறம் எதுவும் சாயவில்லை.

ஆனாலும் என் வண்டியில் கடப்பாரை கிடக்கும். அவசரத்துக்கு இருக்கட்டுமே என்று வைத்திருந்தேன். ஓய்வுபெற்ற பிறகும், வழியில் வண்டியைப் பார்த்தால் மேடம் உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னும் இருக்கா அது?" என்பார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் தெரு அப்போது குண்டும் குழியுமாகக் கிடந்தது. நல்ல தெருவுக்கெல்லாம் தார் பூசுகிறீர்களே, என் தெரு கண்ணில் படவில்லையா என்று கேட்டேன். "உங்க தெரு படுத்துருச்சுங்க. அதுக்குப் பெரிய வேலை வேணும், கேட்டிருக்கேன். அது வர்ற வரைக்கும் நிக்கிற தெருவாவது விழாம பாத்துக்கறேன்" என்றார். நியாயம்தான். முழங்கால் தண்ணீரில் வீட்டுக்குப் போகிறவனுக்கு அந்த நியாயம் இறங்குமா? கொஞ்ச காலம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கோபத்தில் கொஞ்சம் எனக்கு இன்னும் பாக்கியிருக்கிறது.

மேடம் இறந்த அன்று டிரம்கள் எல்லாம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில் மாட்டிக்கொண்டன. வண்டியில் மூங்கிலும் கடப்பாரையும்தான் இருந்தன. தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் தெருவில் குடையோடு நின்றார்கள். என் ஆள் கடப்பாரையை ஓங்கிவிட்டான். "நிறுத்துடா" என்றேன்.

மேடத்தின் கணவர் தாமஸ் சார் வாசலுக்கு வந்தார். "தோண்டட்டுங்க. ஜனங்க நனையுறாங்க. அவளுக்குத் தெரியவா போவுது?"

"அவங்களுக்குத் தெரியாது சார். எனக்குத் தெரியுமே" என்றேன். அழுதுவிட்டேன்.

செல்விதான் முதலில் தன் வீட்டு நீலத் தண்ணீர் டிரம்மைத் தெருவுக்கு உருட்டி வந்தாள். அவளைப் பார்த்து எதிர்வீடு, பக்கத்துவீடு என்று ஆளுக்கொன்று வந்தது. மூங்கிலை உள்ளே நிறுத்தி, செங்கல்லால் நெருக்கி, தண்ணீரை நிரப்பிக் குறுக்கே பிணைத்தோம். ரோட்டுக்கு ஆகாது என்று மேடம் ஆயுசெல்லாம் விரட்டிய தண்ணீர்தான் அன்று அவருடைய பந்தலைப் பிடித்துக்கொண்டு நின்றது. போதகர் ஜெபம் முடிக்கும்வரை மழை கொட்டியது. பந்தல் அசையவில்லை.

மறுநாள் பந்தலைப் பிரித்து, தண்ணீரைச் சாக்கடையில் விட்டோம். என் தொழிலில் பந்தலைப் பிரித்தால் குழிகள் மிஞ்சும். இங்கே ஒன்றுமில்லை. தாமஸ் சார் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈர ரோட்டில் அந்தக் கடைசியிலிருந்து இந்தக் கடைசிவரை நடந்துவிட்டு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மேடத்தின் நினைவாக நான் வைத்திருப்பது என்ன என்று யாராவது கேட்டால், எடுத்துக் காட்ட என்னிடம் பொருள் இல்லை. வண்டியைத் திறந்துதான் காட்ட வேண்டும். கடப்பாரையை அன்றைக்கே இறக்கிவிட்டேன். இன்னும் இருக்கா அது என்று எட்டிப் பார்த்துக் கேட்கத்தான் ஆளில்லை.