முனியின் சுருட்டு

சுருட்டுப் புகையின் மணம்தான் முதலில் வரும். ஆனால் அது அக்காவின் மூக்குக்கு மட்டும்தான் வரும். விறாந்தையில் என்னோடு சோகி எறிந்து விளையாடிக்கொண்டிருப்பவள் சட்டென்று கையை நிறுத்தி, முகத்தை ஒருபக்கம் திருப்பி, "சுருட்டு மணக்குது" என்பாள். நாங்களும் மூக்கை உறிஞ்சிப் பார்ப்போம்; மாட்டெருவின் மணத்தையும் அடுப்படியில் கொதிக்கும் குழம்பின் மணத்தையும் தவிர எங்களுக்கு ஒன்றும் வராது. சிலவேளை அடுத்த கணமே, சிலவேளை நாலைந்து வாளி தண்ணீர் அள்ளுகிற நேரம் கழித்து, அக்கா வெட்டிய வாழைபோலச் சாய்வாள். கை கால் இழுக்கும், வாயில் நுரை தள்ளும், கண் மேலே செருகும். அம்மா ஓடிவந்து வெற்றிலைத் தட்டத்திலிருந்த பாக்குவெட்டியை எடுத்து அவள் கைக்குள் திணிப்பார். இரும்பு பட்டால் முனி விட்டுவிடும் என்பது எங்கள் ஊரின் தீர்மானம். இரண்டு மூன்று நிமிடத்தில் இழுப்பு நிற்கும். அது தானாகவே நிற்கக்கூடியது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அதன் வெட்டுவாய் அவள் கையை வெட்டிவிடாதபடி பாக்குவெட்டியின் இரண்டு காலையும் பழைய சேலைக் கிழிசலால் அம்மா இறுக்கிக் கட்டி வைத்திருந்தார். அதனால் அந்த வருடங்களில் எங்கள் வீட்டில் பாக்கு வெட்டியதே இல்லை, உரலில் இடித்துத்தான் அம்மா வெற்றிலை போட்டார்.

பண்டத்தரிப்புக்குச் சற்றுத் தள்ளி, புகையிலைத் தோட்டங்களின் ஓரத்தில் இருந்தது எங்கள் வீடு. வளவின் பின்மூலையில் கிணறு, கிணற்றுக்கு மேலே கவிந்து நின்ற புளியமரம், அந்த மரத்தில் முனி. முனிக்கு வெள்ளை வேட்டி, பனையளவு உயரம், வாயில் அணையாத சுருட்டு. உச்சிவெயிலில் அது மரத்தை விட்டிறங்கித் தண்ணீர் குடிக்க வரும், எதிரே அகப்பட்டவரை ஒரே அடியில் வீழ்த்தும், அடிபட்டவர் எழும்பும்போது நடந்தது ஒன்றும் அவருக்கு நினைவிருக்காது. இதையெல்லாம் ஊரில் யார் முதலில் பார்த்துச் சொன்னார்களோ தெரியாது, சொன்னவர்கள் கூர்ந்துதான் பார்த்திருக்கிறார்கள். இன்று நினைத்தால், நோயாளிக்குப் பக்கத்தில் இருந்து எழுதிய குறிப்பைப் போலத்தான் அது இருக்கிறது.

முனிக்காக அக்காவின் வாழ்க்கைக்கு அம்மா வேலி கட்டியிருந்தார். உச்சியில் தனியே கிணற்றடிக்குப் போகக்கூடாது. அடுப்பில் தீ எரியும்போது அதன் முன்னால் தனியே குந்தக்கூடாது. முனி நெருப்பைக் காட்டி இழுக்கும். பரீட்சை என்றாலும் நித்திரை முழிக்கக்கூடாது, வெறும் வயிற்றோடு வெளியே இறங்கக்கூடாது, சைக்கிள் ஓடவே கூடாது. பதினாறு வயதில் குளிக்கப் போனாலும் காவலுக்கு ஆள் வரும் என்பது அக்காவுக்குப் பெரிய வெட்கக்கேடு. அம்மா மட்டும் உச்சியில் தனியே போய்த் துலாவைப் பிடித்துத் தண்ணீர் அள்ளிக்கொண்டு வருவார். கேட்டால், "நான் கிழவி, முனிக்கு என்னிலை என்ன கிடக்கு" என்று சிரிப்பார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

தொண்ணூறாம் ஆண்டின் தொடக்கத்தில் யாரோ சொல்லி, அப்பா அக்காவை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். சைக்கிள் பாரில் நான், கரியரில் அக்கா. அங்கே இருந்த டொக்டர் ஒரு பெண், என்னைவிடக் கொஞ்சம்தான் உயரம். சுருட்டு மணத்தைப் பற்றி அக்கா சொன்னதும் அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். "இது முனியுமில்லை, ஒண்டுமில்லை பிள்ளை. மூளையிலை ஒரு இடத்திலை மின்சாரம் கொஞ்சம் கூடிப் போகுது. மணம் பிடிக்கிற இடத்திலை அது துவங்குறதாலைதான் உமக்குச் சுருட்டு மணக்குது" என்றார். சுவரில் மூளையின் படம் தொங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். டொக்டர் அப்பாவிடம் திரும்பி வேறு பலவும் சொன்னார். அவை என் காதில் விழவில்லை.

டொக்டர் தந்த வெள்ளைக் குளிசை வேலை செய்தது. ஒரு வருடத்துக்கு மேல் அக்கா விழவில்லை. ஆனால் அம்மா தன் வேலியில் ஒரு கதியால் தடியையும் பிடுங்கவில்லை. அதே முனி, அதே உச்சிநேரம். எனக்கு எரிச்சல் வந்தது. மூளையின் படத்தைப் பள்ளிக்கூடக் கொப்பியில் கீறி வைத்துக்கொண்டு, முனி இல்லை, மின்சாரம்தான் என்று வீடு முழுக்கப் பிரசங்கம் செய்தேன். "அறப்படிச்ச பல்லி கூழ்ப்பானைக்குள்ளை விழுந்ததாம்" என்று அம்மா என் தலையில் குட்டுவார். அக்கா மட்டும் கண் விரியக் கேட்பாள். ஊரிலே அவள் நம்பிய ஒரேயொரு படித்த ஆள் நான்தான், எனக்குப் பதினொரு வயது.

பிறகு சண்டையோடு அரசாங்கம் போட்ட சாமான் தடை இறுகியது. மண்ணெண்ணெய் போனது, சவர்க்காரம் போனது, உடுப்புத் தோய்க்கப் பனங்களி வந்தது. மருந்தும் போனது. கிளினிக்கில் முதலில் பாதிக் குளிசை கொடுத்தார்கள், அப்புறம், மருந்து வந்தால் தருவோம் என்றார்கள். இல்லாததை அவர்கள் எங்கேயிருந்து தருவது? அப்பா மானிப்பாய்க் கடைகளிலிருந்து வல்வெட்டித்துறை வரை சைக்கிள் உழக்கி விசாரித்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். குளிசை முடிந்து மூன்று கிழமை ஆகியும் அக்கா விழவில்லை. அவளுக்கு நோய் சுகமாகிவிட்டது என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

அந்தக் கிழமை கொழும்பிலிருந்து வந்த யாரோ ஒருவர் ஒரு துண்டு வாசனைச் சவர்க்காரத்தை அக்காவுக்குக் கொடுத்திருந்தார். வெயில் ஏறியபின் தலை முழுகினால்தான் தலைமயிர் காயும் என்று அவள் காத்திருந்தாள். அம்மா தோட்டத்துக்குச் சோறு கொண்டு போகும்போது என்னிடம் சொன்னார்: "நான் வருமட்டும் அக்காவைக் கிணத்தடிக்கு விடாதை. உச்சிநேரம்."

அம்மா படலையைத் தாண்டியதும் அக்கா துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"முனி வருமோடி?"

"முனியுமில்லை, ஒண்டுமில்லை. டொக்டரே சொன்னவ. நீ போய் முழுகு அக்கா."

அவள் சிரித்தாள். வாசற்படியில் இறங்கியவள் அங்கேயே நின்று, முகத்தை ஒருபக்கம் திருப்பினாள்.

"சுருட்டு மணக்குதோடி?"

நான் கணக்குக் கொப்பியிலிருந்து தலையை எடுக்கவில்லை. "அங்காலை சின்னத்துரையண்ணை பத்துறார்" என்றேன். வேலிக்கு அந்தப்பக்கத்து வீட்டுக்காரர் அவர். வாயில் சுருட்டு இல்லாமல் அவரை ஊர் கண்டதில்லை.

துலா ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. ஒரு வாளி, இரண்டு வாளி, மூன்று. அதன்பின் கேட்கவில்லை. தலைக்குச் சவர்க்காரம் போடுகிறாள் என்று நினைத்தேன். நினைத்தபடி இன்னொரு கணக்கைச் செய்து முடித்தேன். பிறகுதான் எழும்பினேன். எழும்பியவள் நேரே கிணற்றடிக்கு ஓடவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. முனி இல்லை என்று ஊருக்குச் சொன்னவள், அறைக்குள் ஓடி, வெற்றிலைத் தட்டத்தைக் கவிழ்த்துப் பாக்குவெட்டியைத் தேடினேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு போனபோது கிணற்றுக் கட்டில் துவாய் மட்டும் கிடந்தது.

நான் கத்திய கத்தலில் தோட்டத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் ஓடிவந்தார்கள். அவர்களுக்கு முன்னால், முழங்கால்வரை மண்ணோடு, சின்னத்துரையண்ணை ஓடிவந்து கிணற்றுக்குள் குதித்தார். விடியற்காலை முதல் அவர் எங்கள் அப்பாவோடுதான் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். வேலிக்கு அந்தப்பக்கம் சுருட்டுக் குடிக்க ஒருவரும் இருக்கவில்லை.

செத்தவீட்டில் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு ஒன்றையே சொல்லி அழுதார்: "உச்சியிலை முனி இழுத்துப்போட்டுதே." வந்த சனமெல்லாம் அதையே சொன்னது. வீட்டில் யார் நின்றது, யார் போகவிட்டது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, அம்மா பாக்குவெட்டியில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு, வந்தவர்களுக்குப் பாக்கு வெட்டிக் கொடுத்தார்.

முனியின்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் வளர்ந்தேன். தொண்ணூற்றைந்தில் ஆமி முன்னேறி வர வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோதும், திரும்பி வந்து கூரையில்லாத வீட்டைப் பார்த்தபோதும் அக்காவைப் போகவிட்டது நான் என்பதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டுதான் திரிந்தேன். பல வருடங்களுக்குப் பின் அயல்வீட்டுப் பிள்ளையொன்றுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வலிப்புள்ளவர்களுக்கென்று அச்சடித்த தாளொன்றைக் கையில் தந்தார்கள். தனியே குளிக்க வேண்டாம், கிணற்றுக்கும் நெருப்புக்கும் அருகில் தனியே விட வேண்டாம், நித்திரை குழம்பக் கூடாது, பட்டினி கிடக்கக் கூடாது, சைக்கிள் ஓட வேண்டாம். முனியின் சட்டங்களை ஒன்றும் விடாமல் எழுதியிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாங்கிலேயே உட்கார்ந்து நான் அழுதேன்.

அன்று பின்னேரம் படுக்கையில் கிடந்த அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, அண்டைக்கு அக்காவைப் போகச் சொன்னது நான்தான். முனி இல்லையெண்டு சொன்னதும் நான்தான்."

"தெரியும் பிள்ளை."

அம்மா என் பக்கம் திரும்பிப் படுத்தார். "முனி இல்லையெண்டு எனக்குத் தெரியாதோ? டொக்டர் சொன்னதெல்லாம் அப்பா எனக்கு அண்டைக்கே சொன்னவர். பதினாறு வயதுப் பெட்டை, தனியக் குளிக்காதை எண்டால் கேப்பாளே? முனியெண்டால் கேப்பாள். அதாலைதான் முனியை வைச்சிருந்தனான்."

"பிறகேன் செத்தவீட்டிலையும் முனி முனியெண்டு கத்தினனீங்கள்?"

அம்மா என் கையைத் தேடிப் பிடித்தார். "நான் அப்பிடிக் கத்தாட்டி, வீட்டிலை ஆர் நிண்டது எண்டெல்லோ சனம் கேட்டிருக்கும். மற்றப் பிள்ளையையும் நான் இழக்கிறதே?"

அம்மாவும் போய்விட்டார். புளியமரம் நாங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் யாருடைய அடுப்புக்கோ போய்விட்டது. துலாவும் இல்லை, கிணற்றுக்கு இரும்பு வலை போட்டு மோட்டர் பூட்டியிருக்கிறது. புகையிலைத் தோட்டங்களில் வீடுகள் வந்துவிட்டன, சுருட்டுப் பத்துகிற ஆளைக் காண்பதே அரிது. இன்றைய பிள்ளைகளுக்கு முனியைத் தெரியாது. உச்சிவெயிலில் தனியே கிணற்றடியில் நின்று போனில் கதைக்கிறார்கள். அந்த வழியால் போகும்போதெல்லாம் நான் ஒருதரம் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்க்கிறேன். எனக்கு ஒன்றும் மணப்பதில்லை. அன்றைக்கு ஒரேயொரு தரம் எனக்கும் மணந்திருந்தால் கொப்பியிலிருந்து தலையை எடுத்திருப்பேன்.