மகாவின் பெயரில் இல்லாத கிட்டார்

கொச்சி மட்டாஞ்சேரிக் கடைவீதியில் பரோட்டா மாஸ்டராக இருக்கும் இசக்கிதுரையின் வீட்டில் உள்ள அத்தனை பொருளுக்கும் உரிமைக்காரி அவன் மகள் மகா. வயது பன்னிரண்டு. டிவி வாங்கியது அவள் பாடம் பார்க்க. ஃபிரிட்ஜ் வாங்கியது அவளுடைய பால் கெட்டுப்போகாமல் இருக்க. ஸ்கூட்டர் வாங்கியது அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட. பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில் இருப்பதால் மகா நடந்துதான் போகிறாள். அவன் மனைவி கற்பகம் வெகுநாள் ஆசைப்பட்டு எடுத்த பட்டுப்புடவைகூட, "பாப்பா பெரியவளானா கட்டிக்கிடுவா" என்று சொல்லித்தான் பீரோவுக்குள் போனது. நல்ல நாள் பெரிய நாளில் அது கற்பகத்தின் உடம்பில் இருக்கும்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். தனக்கென்று ஒரு பொருள் வாங்கினால் சொந்தபந்தம் வாய்க்கு வந்தபடி பேசும். பிள்ளைக்கு என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும். ஆக, அந்த வீட்டில் பெரியவர்களுக்கு ஆசை என்பதே கிடையாது.

அப்படிப்பட்டவனுக்குத்தான் கிட்டார் மேல் ஆசை வந்து தொலைத்தது. ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டலில் சாயங்காலங்களில் கிட்டார் வாசிக்கும் ரோஹன் என்ற பையன், வேலைக்குப் போகும் வழியில் பரோட்டா சாப்பிட வருவான். ஒருநாள் கூட்டம் அதிகம். காத்திருந்த நேரத்தில் உறையிலிருந்து கிட்டாரை எடுத்து மெல்ல மீட்டினான். கல்லில் கிடந்த பரோட்டா கருகியது. மாஸ்டர் கவனிக்கவில்லை. முதலாளி கத்தியதும் அவன் காதில் விழவில்லை.

"தொட்டுப் பாருங்க சேட்டா" என்றான் ரோஹன். இசக்கிதுரை கையைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கம்பியைச் சுண்டினான். அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இது எனக்கு வேண்டும் என்று நினைத்தான். நினைத்த மாத்திரத்தில் வெட்கம் பிடுங்கித் தின்றது. நாற்பத்துநாலு வயதில், தொப்பையும் பனியனுமாக, கிட்டாராம்!

"பாப்பாவுக்கு ஒண்ணு வாங்கணும் தம்பி" என்றான்.

"சல்லிசா கிடைக்குதுன்னு ஃபோன்ல பாத்து வாங்கிடாதீங்க. கம்பி மரத்தைவிட்டு எழும்பி நிக்கும், அமுக்கி அமுக்கிக் கை விட்டுப்போகும். கடையில மடியில வச்சுப் பாத்து வாங்கணும்."

எர்ணாகுளத்தில் ஒரு கடைக்குப் போய், மகளுக்கு என்று சொல்லிக் கிட்டார் கேட்டான். கடைக்காரர் அஜீஷ் பல தலைமுறையாகக் கொச்சியிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். தமிழ் பேச ஆரம்பித்து மலையாளத்தில் போய்ச் சேருவார்.

"குட்டியைக் கொண்டு வா சேட்டா. செருப்பும் கிட்டாரும் ஒண்ணு போல. போடுற ஆள் வேணும்."

ஷவர்மா வாங்கித் தருவதாகச் சொல்லி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகாவைக் கூட்டிப்போனான். அஜீஷ் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, சின்ன கிட்டார் ஒன்றை மடியில் வைத்தார்.

"நைலான் கம்பியாக்கும். விரல் வேதனிக்காது. தோள் தூக்கண்டா மோளே."

மகா கஷாயம் குடிக்கிற முகத்தோடு ஒரு தடவை மீட்டினாள். இசக்கிதுரையின் கண் சுவரில் தொங்கிய பெரிய கிட்டாரிலேயே இருந்தது.

"இத விடப் பெருசா ஒண்ணு எடுத்தா, வளர வளரச் சரியா வந்துரும்லா?"

"யூனிஃபார்ம் அல்லல்லோ சேட்டா, மடிச்சுத் தைச்சுப் பின்னே இறக்கிவிட!"

"இல்ல, பாப்பா கிடுகிடுன்னு வளந்துருவா" என்று இசக்கிதுரை விடாமல் வாதாடினான். மகள் எவ்வளவு உயரம் வருவாள், கை எவ்வளவு நீளும் என்றெல்லாம் கூசாமல் அளந்துவிட்டான். மகா கிட்டாரை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"எனக்கு வேண்டாம்ப்பா. வாங்கினா தெனமும் வாசி வாசின்னு அம்மா உயிரெடுப்பா. வாசிக்கலன்னா, உனக்காக எவ்ளோ செலவுன்னு நீங்க சொல்லுவீங்க. நான் கேக்கவே இல்லையே." அவள் குரல் உடைந்தது. "எல்லாம் எனக்கு எனக்குங்கிறீங்க. நான் ஒண்ணுமே கேக்கலப்பா."

இசக்கிதுரைக்குச் சுருக்கென்றது. பிள்ளைக்கு வாங்கிக் குவித்த நல்ல தகப்பன் என்றுதான் தன்னைப் பற்றி இத்தனை நாள் நினைத்திருந்தான். தன் ஆசையையெல்லாம் அவள் தலையில் மூட்டை கட்டி வைத்தது இப்போதுதான் உறைத்தது.

"எனக்குத்தாங்க வேணும்" என்றான். சத்தம் வெளியே வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னான். "பாப்பாவுக்கு இல்ல. எனக்கு."

வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. "அத முதல்லயே பறஞ்சூடே?" என்று கடைக்காரர் சலித்துக்கொண்டார், அவ்வளவுதான். பெரியதை எடுத்துக் கொடுத்தார். அது தொப்பையில் முட்டி வழுக்கியது. நடுத்தர அளவில், இடுப்பு ஒடுங்கிய ஒன்றை இறக்கினார். தடித்த விரல்களுக்கு இடம் வேண்டும் என்று, கம்பிகள் ஓடும் கழுத்து கொஞ்சம் அகலமாக உள்ளதாகப் பார்த்தார். கம்பியும் தாழ்ந்து, அமுக்க வாகாக இருந்தது.

"ப்ளைவுட்தான். விலையும் குறவு. வாசிச்சுப் படிக்க இது தாராளம்." அவன் விரல் நுனிகளைத் தொட்டுப் பார்த்தவர் சிரித்தார். "எல்லார்க்கும் முதல்ல இங்க தோல் உரியும். சேட்டனுக்கு அந்தப் பணி முன்னமே கழிஞ்சு."

காலமெல்லாம் பரோட்டாக் கல் சுட்டுச் சுட்டுக் காய்ச்சுப்போன விரல்கள். அதற்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. வாங்கிவிட்டான்.

வீட்டுக்குள் உறையோடு நுழைந்ததும் கற்பகம் நிமிர்ந்து பார்த்தாள்.

"பாப்பாவுக்கா? நல்லதுதான். பள்ளிக்கூடக் கலோத்சவப் போட்டியில வாசிச்சா கிரேஸ் மார்க் உண்டுன்னு சொல்லுதாவ."

தப்பிக்கும் வழியை அவளே திறந்துவிட்டாள். தலையை ஆட்டினால் போதும். மகா வாசலிலேயே நின்று அப்பாவைப் பார்த்தாள்.

"இல்ல கற்பகம். எனக்கு."

கற்பகம் சிரிக்கவில்லை. திட்டவுமில்லை. கழுவிக்கொண்டிருந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தாள். "அப்ப எனக்கும் ஒண்ணு வேணும்" என்றாள்.

வளையல்தான் என்று இசக்கிதுரை மனசைத் தயார் செய்துகொண்டான்.

"நம்ம படகுத்துறையில வாட்டர் மெட்ரோ படகு ஏறி, எர்ணாகுளம் வரைக்கும் போய்ட்டு வரணும்."

"அங்க என்ன சோலி?"

"ஒரு சோலியும் இல்ல. தண்ணியப் பாத்துட்டுத் திரும்பி வரணும்."

"அதுக்கென்ன, பாப்பாவுக்கும் ஒரு மாத்தமா..." என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பாப்பா வரண்டாம்" என்றாள் கற்பகம். "நீங்களும் வரண்டாம்."