சப்பாத்தோடு வந்த சுகாதாரம்

எனக்கு எழுபத்துமூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். ஒன்றையும் கிருமிக்குப் பறிகொடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். ஏனென்றால் மொன்றியலில் என் சுத்தத்தைப் பரிசோதிக்க ஆள் வந்தது.

ஊரில் சமாதானம் சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். என் இரண்டு கிட்னியும் பழுது. கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக் கதிரையில் சாய்ந்து, மெஷினில் இரத்தம் கழுவிக்கொண்டு, பிழிந்த தேங்காய்ப்பூ மாதிரி லாசால் பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வருவேன். பக்கத்துக் கதிரைப் பிரெஞ்சுக்கார மனுசியைத் திடீரென்று காணவில்லை. மோசம் போய்விட்டாளாக்கும் என்று செபம்கூடச் சொன்னேன். பார்த்தால், வயிற்றில் குழாய் வைத்து, வீட்டிலேயே பையால் மருந்துத்தண்ணீர் விட்டு எடுத்துக்கொண்டு, தொலைக்காட்சி பார்க்கிறாளாம். என்னைவிட மூத்தவள். கண்பார்வையும் மட்டு.

மிஞ்சியது நான், ஒரு ஹெயிட்டிக்காரர், ஒரு வங்காளி. எங்களுக்கும் வீடு இருக்கிறது. எங்களை ஒருவரும் கேட்கவில்லை.

அந்த நேரம் ஆஸ்பத்திரி, வேறு நாட்டு நோயாளிகளை இன்னும் நன்றாகக் கவனிக்கவென்று ஒரு பெண்ணை நியமித்தது. நல்ல சிரிப்பு. என்ன சாப்பிடுவேன், யாரைக் கும்பிடுவேன் என்றெல்லாம் கேட்டாள். மகள் மொழிபெயர்த்தாள்.

"எனக்கும் அந்த வயித்துக் குழாய் வேணுமெண்டு சொல்லு."

அவள் சிரித்தபடி நீளமாக ஏதோ சொன்னாள். மகளின் முகம் கறுத்தது.

"என்னவாம்?"

"விடுங்கோம்மா."

"சொல்லடி."

"எங்கட வீடுகளில ஆக்கள் கூடவாம், சமையல் புகையாம், கிருமி தொத்துமாம். உங்களுக்கு ஆஸ்பத்திரிதான் பாதுகாப்பாம்."

"வந்து பாக்கச் சொல்லு."

வந்தாள். பெப்ரவரி மாதம், தெருவெல்லாம் உப்புப் போட்ட பனிச்சேறு. முழங்கால்வரை சப்பாத்து. அதோடேயே வாசல் மிதியடியைத் தாண்டிச் சுத்தம் பார்க்க உள்ளே வந்தாள். இங்கத்தைய ஆட்கள் தங்கள் வீட்டில் கழற்றுவார்களாம். எங்கள் வீட்டுக்கு அது தேவையில்லை என்று நினைத்தாளாக்கும்.

"கழட்டச் சொல்லு."

"அம்மா, அவதான் கையெழுத்து வைக்கவேணும்."

"அப்ப வெறுங்காலோட நிண்டு வைக்கட்டும்."

மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். நானே காலைச் சுட்டிக் காட்டி, "மடாம், சப்பாத்து," என்றேன். குனிந்து கழற்றினாள். காலுறைக்குள்ளிருந்து பெருவிரல் எட்டிப் பார்த்தது. மரியாதை தெரிந்தவள், காணாததுபோல் இருந்தேன். அவள் சப்பாத்தோடு கொண்டுவந்த கறுப்புத்தண்ணீரை மட்டும் அவள் முன்னாலேயே துடைத்தேன்.

பிறகு என் அறை, கைகழுவும் தொட்டி, என் நகம் எல்லாம் பார்த்தாள். குறை அகப்படவில்லை. கடைசியில், பிரெஞ்சில் எழுதிய செய்முறையை நான் வாசிக்கமாட்டேனே என்றாள். படம் கீறித் தா என்றேன். கையெழுத்து வைத்தாள்.

ஹெயிட்டிக்காரரின் வீட்டுக்கு எப்போது போவாள் என்று கேட்கச் சொன்னேன். அதற்கு ஒரு கூட்டம் வைப்பார்களாம்.

இப்போது என் வயிற்றுக் குழாயில் பை வடிகிறது. வடியும்வரை வேறு வேலை இல்லை, தமிழில் எழுத்துக்கூட்டி இவ்வளவையும் எழுதிவிட்டேன். பேத்தி கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இஞ்ச வா, குஞ்சு. இது வடிஞ்சு முடியிறதுக்குள்ள ஒருக்கா வாசிச்சுக் காட்டு."